எழுந்து நிற்காத குற்றம்

"திருமயத்துல நிமிந்து நிக்கிறது ரெண்டே ரெண்டுதான். ஒண்ணு கோட்டை. இன்னொண்ணு நான்" என்று தாலுகா ஆபீசில் அறிவித்தான் குமாஸ்தா ரத்தினவேல். முகத்தில் மருந்துக்கும் சிரிப்பில்லை.

"அதை ஒக்காந்துக்கிட்டே சொல்றீங்களே சார்" என்றார் பியூன் மூக்கன். தாசில்தார் ஆத்மநாதன் கொடுத்தனுப்பிய உறை அவர் கையில் இருந்தது.

காலையில் தாசில்தார் உள்ளே நுழைந்தபோது ஆபீசே எழுந்து நின்றது. ரத்தினவேல் மட்டும் அசையவில்லை. ஆத்மநாதனோ வெள்ளைக்காரத் துரையிடம் வேலை பழகியவர்.

திருமயம் இருந்த சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. பழைய ஆட்களில் யார் யாருக்கு இனி வேலை உண்டு என்ற பட்டியல் அன்று சாயங்காலம் மேலிடத்துக்குப் போகிறது. அதில் ஒரு பெயரை அடிக்கத் தாசில்தாரின் ஒரு கையெழுத்து போதும்.

ரத்தினவேல் உறையை வாங்கினான். பிரிக்காமலே மேசைமேல் தட்டிக்கொண்டிருந்தான். மேசைக்கடியில் கால் ஓயாமல் ஆடியது.

"'உம்மை ஏன் வேலையிலிருந்து நீக்கக் கூடாது? ஒரு மணி நேரத்தில் பதில் தருக.' இங்கிலீஷ்ல நாலே வரி மெமோ, ஒவ்வொண்ணும் சவுக்கடி! எந்த அடிமை எழுதினானோ!"

"நம்ம அய்யா எழுதினதுதானே?"

"அவரா? அவருக்குக் கையெழுத்துதான் வரும். சொன்னதைச் சொன்னபடி எழுதிக் குடுக்க முதுகெலும்பில்லாத பய ஒருத்தன் இருக்கான்ல, அவனைச் சொல்றேன்."

"வீட்டுல அவங்களுக்கு ஒம்பதாம் மாசம் சார். மன்னிப்புன்னு ஒரு வார்த்தை எழுதிப்புடுங்க. என்ன கொறஞ்சு போச்சு?"

ரத்தினவேல் எழுதினான். மன்னிப்பு இல்லை. 'நாற்காலி உட்காருவதற்கே; நாடு சுதந்திரமடைந்துவிட்டது' என்று மட்டும் இருந்தது.

அதைக் கொண்டுபோன மூக்கன் போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"வேலை போச்சு சார். நீக்கல் ஆர்டர் இப்பவே தயாராகணுமாம். ஒங்களைக் கூப்பிடுறாரு."

ரத்தினவேல் எழுந்தான். ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டான். தாசில்தார் அறை வாசலில் செருப்பைக் கழற்றி விட்டு, உள்ளே போய்த் தலைகுனிந்து நின்றான்.

"காலையில மெமோவுக்கு நான் எழுதிக் குடுத்த காட்டமே ஆர்டருக்கும் போதுங்களா அய்யா?"