ஆய்வுக்குழு தங்கும் வீடு

வடகோடிப் பனிநிலத்தில் இருந்த அந்த ஊரில் ஒழுகாத, பூஞ்சை ஏறாத வீடு ஒன்றே ஒன்றுதான். அதில் யாரும் குடியில்லை. மற்ற வீடுகள் ஏன் இப்படிக் கிடக்கின்றன என்று வருடாவருடம் ஆராய வரும் குழு தங்குவதற்காகக் கட்டியது அது. பெரிய மனிதர்கள் குளிரில் நடுங்கிக்கொண்டு ஆராய முடியாது அல்லவா? முன்கூட்டியே அடுப்பு மூட்டி வீட்டைச் சூடாக்குவது நௌயாவின் வேலை. இம்முறை பனிப்புயலால் விமானம் தள்ளிப்போனது. அடுப்பு அணையாமல் பார்த்துக்கொள்ளும் சாக்கில் கைக்குழந்தையையும் அங்கேயே தூக்கி வந்துவிட்டாள். சொந்த வீட்டின் நெரிசலிலும் ஈரத்திலும் இரைத்து இரைத்து இருமிய பிள்ளை, இங்கே வந்தபின்தான் வாய் மூடித் தூங்கியது.

புயல் ஓய்ந்த காலையில் தம்பி துலுகா ரேடியோவோடு வந்தான். ஓடுதளத்தில் வானிலை பார்த்து விமானிக்குச் சொல்கிறவன் அவன்.

“கிளம்பலாமான்னு கேக்கறாங்கக்கா.”

“போன வருசமும் சுவரைத் தட்டிப் பாத்து வருத்தப்பட்டுட்டுத்தான் போனாங்க. நீ என்ன சொன்ன?”

“பாத்துட்டுச் சொல்றேன்னேன்.”

“அப்பப் பாரு.”

சன்னலருகே போனான். வெயிலில் கண் கூசியது. திரும்பிக் குழந்தையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு ரேடியோவை வாயருகே கொண்டுபோனான்.

“கொட்டுது சார். எதிர்ல நிக்கிற ஆளே தெரியல.”

மறுமுனையில் பெருமூச்சு கேட்டது.

“பாவம், எப்படித்தான் அங்க இருக்கீங்களோ. சரி, நாளைக்குக் கேக்கறோம்.”