பூட்டை உடைத்தவர்

"பூட்டை ஒடச்சது எவன்டா?"

சின்னக்கண்ணு போட்ட சத்தத்தில், பந்தலில் மாவிலை கட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் ஓடி வந்தார்கள்.

அகரத்துக்குப் பக்கத்து ஊர். பஞ்சாயத்து புதிதாகக் கட்டிய பிரசவ விடுதிக்கு அன்று திறப்பு விழா. திண்டுக்கல்லிலிருந்து அதிகாரி வந்து ரிப்பன் வெட்ட வேண்டும். ஆனால் ரிப்பன் அறுந்து தரையில் கிடந்தது. பூட்டு நசுங்கித் தொங்கியது. உள்ளேயிருந்து ஒரு பெண்ணின் முனகல்.

"யாரு உள்ள?"

"கீழத்தெரு பொன்னழகு மக," என்றார் ஒருவர். "ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு பஸ்ஸுக்கு நடந்து வந்திருக்கா. வழியிலேயே வலி கண்டுருச்சு. நர்சம்மா இப்பத்தான் உள்ள போனாங்க."

சின்னக்கண்ணுவின் முகம் கறுத்துவிட்டது.

விடுதிக்கு இடம் கொடுத்தவர் அவர். வாசல் கல்லில் அவருடைய அப்பா பெயர். முதல் பிரசவம் தன் மருமகளுக்குத்தான் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். சாவியைக்கூட யாரையும் நம்பிக் கொடுக்கவில்லை. மடியில் முடிந்துகொண்டுதான் விடியுமுன்னே மாலை வாங்கத் திண்டுக்கல் போயிருந்தார். இப்போதுதான் வண்டி வந்து நின்றது.

"அவள வெளிய தூக்கிட்டு வாங்கடா. ஜீப் வாரதுக்குள்ள எடத்தக் கழுவி விடணும்."

யாரும் அசையவில்லை. அவரே வண்டியிலிருந்த சாட்டையை உருவிக்கொண்டு படியேறினார்.

வாசலில் நின்ற பஞ்சாயத்துத் தலைவர் மலைச்சாமி குறுக்கே கை நீட்டினார்.

"செத்த பொறுங்க மாமா. உள்ள உசுருக்குப் போராடிக்கிட்டு இருக்கா ஒருத்தி."

"வழிய விடு. மொதல்ல பூட்டை ஒடச்ச நாயி எதுன்னு தெரியணும். எந்தக் கை ஒடச்சிச்சோ அந்தக் கைய ஒடிக்காம விடமாட்டேன்."

கூட்டம் இரண்டடி பின்வாங்கியது. சின்னக்கண்ணு சொன்னால் செய்கிறவர். போன பொங்கலுக்குத் தன் பண்ணையாளின் பல்லை உடைத்தவர்.

"எவன்னு கேக்கிறேன்ல? சொல்லுங்கடா!"

மலைச்சாமி கூட்டத்தை ஒருமுறை பார்த்தார்.

"நான்தான் ஒடச்சேன்."

"நீயா?"

"ஆமா. ஒடிக்கணும்னா இந்தக் கைய ஒடிங்க."

ஓங்கிய சாட்டை அப்படியே நின்றது. ஊர்த் தலைவரை அடிக்க அவருக்கே கை வரவில்லை.

கூட்டத்தில் முணுமுணுப்பு கிளம்பியது.

"எல்லாம் ஓட்டுக்குத்தான்யா. கீழத்தெரு ஓட்டு அம்புட்டும் இனிமே இவருக்குத்தான?"

"ஒரு வருசமா தெருவிளக்கு, ரோடு, சாக்கடைன்னு நல்லாத்தான செஞ்சாரு? இந்தப் புத்தி எதுக்கு?"

அதற்குள் ஜீப் வந்துவிட்டது. அதிகாரி இறங்கினார். அறுந்த ரிப்பனைப் பார்த்தார், நசுங்கிய பூட்டைப் பார்த்தார். நடந்ததை யாரோ அவரிடம் சொன்னார்கள்.

"தலைவரே பூட்டை உடைக்கிறதா? என்னங்க இது?"

"போலீசுக்குச் சொல்லுங்க ஐயா," என்று கத்தினார் சின்னக்கண்ணு. "இல்லாட்டி பதவிய விட்டு எறங்கச் சொல்லுங்க. ரெண்டுல ஒண்ணு நடக்காம நான் எந்திரிக்கப் போறதில்ல." வாசலை அடைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார்.

ஜன்னல் திறந்தது. நர்ஸ் ரோஸ்மேரியின் முகம் வேர்த்துக் கிடந்தது.

"சுடுதண்ணி எங்க? எம்புட்டு நேரமா கேக்குறேன்! பிள்ள தலை திரும்பல. துணைக்கு ரெண்டு பொம்பளைகள உள்ள அனுப்புங்க!"

தண்ணீர்க் குடத்தோடு வந்த கருப்பம்மாள் படிக்குக் கீழேயே நின்றாள். சின்னக்கண்ணுவைத் தாண்டிப் போக அவளுக்குத் தைரியம் இல்லை.

உள்ளே அந்தப் பெண் வீறிட்டாள்.

மலைச்சாமி தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதிகாரி பக்கம் திரும்பினார்.

"பதவிய விட்டுட்டேன் ஐயா. நாளைக்கு வந்து எழுதிக் குடுத்துர்றேன்." பிறகு சின்னக்கண்ணுவிடம் குனிந்தார். "போதுமா மாமா? எந்திரிங்க."

சின்னக்கண்ணு எழுந்தார். தண்ணீர் உள்ளே போனது.

அறுந்த ரிப்பனை வெட்ட அதிகாரி விரும்பவில்லை. ஜீப் திரும்பிப் போனது. வாங்கி வந்த மாலைகள் வண்டியிலேயே கிடந்தன. மைக் செட்காரன் குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தபோதுதான் உள்ளேயிருந்து பிள்ளை அழும் சத்தம் கேட்டது.

மாலையில் ரோஸ்மேரியை பஸ் ஏற்றிவிட மலைச்சாமி கூடவே வந்தார்.

"தாயும் பிள்ளையும் நல்லாருக்காங்க," என்றாள் அவள். "இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா ரெண்டு பேருமே கையில தங்கியிருக்க மாட்டாங்க."

"உங்களுக்குப் புண்ணியம் நர்சம்மா."

"ஒண்ணு கேக்கட்டுமா? காலையில விழாவுக்குன்னு திண்டுக்கல்லுக்கு வந்து என்னைக் கூட்டிட்டு வந்ததே நீங்கதான? நாம பஸ்ஸ விட்டு எறங்கி வாரப்பவே பூட்டு ஒடஞ்சுதான கெடந்துச்சு?"

மலைச்சாமி பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தார்.

"அப்ப ஒடச்சது யாருன்னு உங்களுக்குத் தெரியும்."

"சாவி அவுக வீட்டுக்காரர் மடியோட போயிருச்சு. அம்மிக் குழவிய எடுத்து அடிச்சிருக்காக போல. விரலு நசுங்கி ரத்தம். முந்தானைல சுத்தி மறைச்சுக்கிட்டுக் கூட்டத்துல நின்னாக. சோலையம்மா. சின்னக்கண்ணு சம்சாரம்."

ரோஸ்மேரி சட்டென்று அவர் பக்கம் திரும்பினாள்.

"அதுக்காகப் பதவியவே விட்டுட்டீங்களே!"

பஸ் வந்து நின்றது. அவளுடைய பெட்டியை மேலே ஏற்றிக் கொடுத்தார் மலைச்சாமி.

"பதவி போனா அடுத்த எலெக்சன்ல நின்னுக்கிரலாம் நர்சம்மா. பொழுது சாஞ்சா அந்தம்மா அதே வீட்டுக்குத்தான போகணும்?"