தாழிடாத கதவு

சுண்ணாம்புச் சுவரில் தோளுயரத்துக்கு ரத்தம் தெறித்திருந்தது. காளை குத்திய ரொட்டிக்கடைக்காரனை நான்கு பேர் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவன் தொடை பிளந்து தொங்கியது.

எலாதியோ அந்த ரத்தத்தைத் தாண்டிக் காலை வைத்தான். கையில் சிவப்புக் கார்னேஷன் பூங்கொத்து. செவில் நகரிலிருந்து வந்த சுற்றுலாப் பஸ்ஸில் பெண்கள் எல்லோரும் அவனை மெச்சினார்கள். "கோவிச்சுக்கிட்டுப் போன பொண்டாட்டிக்குப் பூ வாங்கிட்டுப் போறாரு. நம்ம வீட்லயும் இருக்குதே ஒண்ணு!"

பூக்காம்புகளுக்கு நடுவே கத்தி இருந்தது.

தெருமுனைத் தடுப்பின் மேல் உட்கார்ந்திருந்த சிப்ரியானோ அவனை அடையாளம் கண்டுகொண்டான்.

"அடடே, செவில் மாப்ளே! என்ன, காளைக்கு மாலை போட வந்தியா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எலாதியோ சிரிக்கவில்லை.

"காளை எங்க?"

"மேல்தெருவுக்கு ஏறிச்சு. போனது போனதுதான், எறங்கவே காணோம். நம்ம பயலுக தேடிக்கிட்டுத் திரியுறானுக. கொஞ்சம் பொறு."

"எனக்குப் பொறுக்க நேரமில்ல."

"அப்ப சுவரோரமாவே போ. வந்துச்சுன்னா ஏதாச்சும் ஒரு வீட்டுக்குள்ள பூந்துக்க. இன்னைக்கு எவன் வீட்லயும் தாழ் கிடையாது. அந்தச் சூவைக் கழட்டிட்டு ஓடு மாப்ளே, கல்லுல வழுக்கும்!"

தாழ் கிடையாது என்பது எலாதியோவுக்குத் தெரியும். இந்தப் பெனசாரா ஊரில் ஈஸ்டர் ஞாயிறன்று தெருவில் காளையை அவிழ்த்துவிடுவார்கள்; அது திரும்ப அடைபடும்வரை யாரும் தெருக்கதவைத் தாழிட மாட்டார்கள். துரத்தப்பட்டு வருகிறவன் கதவை இடித்துக்கொண்டு உள்ளே விழ வேண்டும். மற்ற வீட்டார் மன்னிக்காத குற்றம் இந்த ஊரில் அன்று தாழிடுவது ஒன்றுதான்.

ஜனவரியில் மனைவி கசில்டாவின் தாடையை அவன் உடைத்தான். கட்டுப்போட்ட வாயோடு அவள், செத்துப்போன தன் அப்பாவின் இந்த ஊர் வீட்டுக்கு ஓடி வந்துவிட்டாள். இரண்டு முறை தேடி வந்தான். இரண்டு முறையும் அந்தக் கதவு தாழிட்டிருந்தது. அவன் தட்டத் தட்டப் பக்கத்து வீட்டார் கூடிவிட்டார்கள்.

இன்று தாழ் இல்லை. ஊர் முழுக்க அலறிக்கொண்டிருக்கிறது. இன்னும் ஒருத்தி அலறினால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? அவள் கூட வந்தால் மாலை பஸ். வராவிட்டால் கத்தி.

தெரு வெறிச்சென்று கிடந்தது. ஜன்னல் கம்பிகளுக்குப் பின்னால் முகங்கள். எல்லாம் மேல்தெருவின் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தன. இரண்டு தெருவுக்கும் நடுவே இருந்தது அந்த வீடு: முன்வாசல் இந்தத் தெருவில், பின்வாசல் முற்றத்திலிருந்து மேல்தெருவுக்கு.

கசில்டா பால்கனியில் நின்றிருந்தாள். தாடை கோணலாகவே கூடியிருந்தது.

"பூ கொண்டாந்திருக்கேன்" என்றான்.

"தெரியுது."

"கீழ எறங்கி வா."

"முடியாது. வேணும்னா நீ ஏறி வா."

"நான் உள்ள வந்ததும் பின்வாசல் வழியா மேல்தெருவுக்கு ஓடிரலாம்னு பாக்குறியா?"

"பின்வாசலை நானே சாத்திட்டேன், எலாதியோ. இப்பத்தான். குறுக்குக்கட்டையும் போட்டாச்சு." அவள் பால்கனிக் கம்பியில் சாய்ந்துகொண்டாள். "எத்தனை தடவைதான் ஓடுறது? சலிச்சுப்போச்சு."

இவ்வளவு சீக்கிரம் பணிவாள் என்று அவன் நினைக்கவில்லை. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

"நெசமா ஓட மாட்டியே?"

"கதவு திறந்துதானே கெடக்கு. வா. மாடிப்படி முற்றத்துல இருக்கு, உனக்குத் தெரியாததா?"

அவன் உள்ளே நுழைந்தான். திரும்பிக் கதவைச் சாத்தி, பழைய இரும்புத் தாழை இழுத்தான். அது அசையவில்லை. பூங்கொத்தைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் இழுத்து அழுத்தியபிறகே போய் விழுந்தது. இனி அவளும் வெளியே போக முடியாது, எவனும் உள்ளே வர முடியாது. பூக்களுக்குள்ளிருந்து கத்தியை மட்டும் உருவிக்கொண்டான்.

நடை இருட்டாக இருந்தது. எதிரே, முற்றத்துக்குப் போகும் மரக்கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது.

அதற்கு அப்பால் ஒரு பூந்தொட்டி உடைந்தது. பிறகு இன்னொன்று.

எலாதியோவுக்குச் சிரிப்பு வந்தது. மாடித் தாழ்வாரத்துக்கு ஓடி, அங்கிருந்து தொட்டிகளைத் தள்ளிவிடுகிறாள். செவில் வீட்டிலும் ஒருநாள் அப்படித்தான் கையில் கிடைத்ததை எல்லாம் எறிந்தாள். அன்று அவள் விரலை ஒவ்வொன்றாக மடக்கி ஒடித்தது நினைவுக்கு வந்தது.

"எறிடி, எறி!" என்று கத்தினான். "தொட்டி தீந்ததும் என்னத்த எறிவே?"

மூன்றாவது தொட்டி உடைந்தது. அதோடு சத்தம் நின்றது.

"அவ்வளவுதானா?"

கத்தியை முன்னால் நீட்டிக்கொண்டு, மரக்கதவை ஓங்கி ஒரு உதை விட்டான். கதவு சுவரில் மோதித் திறந்தது. மத்தியான வெயில் முகத்தில் அடித்தது. கண் கூச, ஒரு காலை முற்றத்தில் வைத்தான்.

அப்போது கசில்டாவின் குரல் கேட்டது. எதிரே மாடித் தாழ்வாரத்திலிருந்து அல்ல. அவனுக்குப் பின்னால், தெருப்பக்கத்துப் பால்கனியிலிருந்து. அவள் அங்கிருந்து அசையவே இல்லை.

"சிப்ரியானோ! காளை எங்க வீட்டு முற்றத்துலதான் நிக்குது. மெதுவா வாங்க!"