பின்னறைத் தட்டு

ஈஸ்டர் நோன்பு முடிந்து வந்த முதல் வெள்ளிக்கிழமை. பியெரிஸின் சாப்பாட்டுக் கடையில் பின்னறை மறுபடியும் நிறைந்திருந்தது.

அந்த அறைதான் கடைக்கு உயிர். முன்பக்கத்தில் விற்கும் பொரித்த ஹல்லூமிப் பாலாடைக்கட்டியும் ஒயினும் கரண்ட் பில்லுக்கே சரியாகப் போய்விடும். மாடி அறைகளுக்கு வசந்த காலத்தில் மட்டும், பறவை பார்க்கும் வெளிநாட்டுக்காரர்கள் வருவார்கள். மற்றபடி வருஷம் முழுக்க, வெள்ளிக்கிழமை பின்னறைக்கு வரும் ஊர்த்தலைவர் ஹம்பிஸையும் அவருடைய கூட்டாளிகளையும் நம்பித்தான் அடுப்பு எரிந்தது. நோன்பு நாட்களில் அவர்கள் எட்டிப் பார்க்காமல் போனதில், ஃப்ரிட்ஜை விற்றுவிடலாமா என்று யோசிக்கும் அளவுக்கு வந்துவிட்டார் பியெரிஸ்.

அவர்கள் வருவது ஒரே ஒரு பண்டத்துக்காக. கடல் தாண்டி வரும் கருந்தலைக் குருவியைப் பசை தடவிய குச்சியில் பிடித்து, முழுசாக வேகவைத்து, எலும்போடு மெல்லுவது சைப்ரஸ்காரர்களின் பழைய ருசி. இப்போது சட்டப்படி குற்றம். அதனால் மெனுவில் பெயர் இருக்காது. "அது இருக்கா?" என்று கேட்டால் போதும், திரை இழுத்துவிடப்படும்.

"மச்சான் பியெரிஸ்! பருப்பும் அவரையும் தின்னு தின்னு நாக்கே செத்துப்போச்சு. சீக்கிரம் கொண்டா!" என்று கத்தினார் ஹம்பிஸ்.

மூடிய தட்டோடு வந்த பியெரிஸ், "மெதுவா, தலைவரே! வெளியில மாடி விருந்தாளி உக்காந்திருக்காங்க" என்றார்.

"அந்த டச்சுக்காரம்மாவா? குருவி அவங்களுக்குப் பார்க்கறதுக்கு, நமக்குத் திங்கறதுக்கு. பங்கு சரியாத்தானே இருக்கு!"

பின்னறை அதிரச் சிரித்தது.

முன்பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த டச்சுக்காரம்மா ஹென்னிக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. கழுத்தில் தொங்கிய பைனாகுலரை இன்னும் கழற்றியிருக்கவில்லை. காலையில்தான் உப்பு ஏரிக்கரை அத்திமரத்தில் ஒரு கருந்தலைக் குருவி பாடுவதை அசையாமல் நின்று கேட்டுவிட்டு வந்திருந்தார்.

"உள்ளே என்ன சாப்பிடறாங்க?" என்று கேட்டார், ரொட்டி வைக்க வந்த பியெரிஸின் மனைவி மரிக்கூவிடம்.

"கோழி."

"கோழிக்கு எதுக்குத் திரை?"

மரிக்கூ ரொட்டித் துணியை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

"மரிக்கூ, உங்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனா அது குருவியா இருந்தா, இப்பவே பெட்டியைக் கட்டிடுவேன். போலீஸுக்கும் போன் போடுவேன்."

அந்த நேரம் பார்த்து வாசலில் போலீஸ் ஜீப் வந்து நின்றது. மரிக்கூ விக்கித்துப்போய் ஹென்னியைப் பார்த்தாள்.

"நான் இல்லை. இன்னும் போடலை" என்றார் ஹென்னி.

இறங்கி வந்த இளம் அதிகாரியின் பெயர் லொயிசோஸ். நேராகப் போய்ப் பின்னறைத் திரையை விலக்கினார். மேசை நடுவில் தட்டு. வாயில் போடப் போனதை ஹம்பிஸ் மெல்லத் தட்டிலேயே வைத்தார்.

"தம்பி, நீ யார் வீட்டுப் பையன்?"

"லிமசோல்காரன். எங்க வீட்டை உங்களுக்குத் தெரியாது."

லொயிசோஸ் குனிந்து பார்த்தார். இறகு உரித்து வெந்தபின் எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. தலையைச் சொறிந்தார்.

"போன வாரம்தான் டிராஃபிக்லேருந்து இங்க மாத்தினாங்க. எனக்கு அடையாளம் தெரியலை. லேபுக்கு அனுப்பிடறேன்."

பியெரிஸுக்கு முகம் வெளுத்தது.

"இல்லன்னா, பைனாகுலர் மாட்டியிருக்கற மேடத்தையே கேட்டுடலாம். மேடம், கொஞ்சம் வர்றீங்களா?"

ஹென்னி வந்தார். முள்கரண்டியால் ஒன்றைப் புரட்டினார். காலைப் பார்த்தார், அலகைப் பார்த்தார். புருவம் சுருங்கியது. நிமிர்ந்து பியெரிஸைப் பார்த்தார்.

"இது வந்து..."

"அவங்களை எதுக்கு சார் தொந்தரவு பண்றீங்க?" பியெரிஸ் பாய்ந்து நடுவில் வந்தார். "நானே ஒத்துக்கறேன். கருந்தலைக் குருவிதான். என் தோட்டத்து மாதுளை மரத்துல நானே பசைக்குச்சி வெச்சுப் பிடிச்சேன். இவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. எழுதிக்குங்க."

"அப்ப லேப்?"

"அதான் ஒத்துக்கிட்டேனே சார்! எங்க கையெழுத்துப் போடணும்?"

புது இடத்தில் முதல் வழக்கு இத்தனை சுலபமாக முடியும் என்று லொயிசோஸ் எதிர்பார்க்கவில்லை. அபராதம் எழுதினார், எச்சரித்தார், தட்டைக் குப்பையில் கொட்டச் சொல்லி நின்று பார்த்துவிட்டுக் கிளம்பினார்.

ஜீப் சத்தம் அடங்கியதும் ஹம்பிஸ் எழுந்து வந்து பியெரிஸைக் கட்டிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"பார்த்தீங்களாடா, இவன் மனுஷன்! எங்க யாரையும் காட்டிக்கொடுக்கலையே! மச்சான், உயிர் இருக்கற வரைக்கும் வேற கடையில கை நனைக்க மாட்டோம். அடுத்த வெள்ளிக்கிழமை ரெண்டு தட்டு!"

பியெரிஸ் தலையாட்டிவிட்டு அடுக்களைக்குள் போனார். ஹென்னி பின்னாலேயே போய்க் கதவைச் சாத்தினார். மரிக்கூ இடுப்பில் கட்டிய சமையல் துணியில் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"போலீஸ்கிட்ட எதுக்குப் பொய் சொன்னீங்க? நான்தான் திருப்பிப் பார்த்தேனே!" என்றார் ஹென்னி.

பியெரிஸ் கதவைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"போலீஸ் அபராதத்தோட விட்டுடும் மேடம், இத்தனை வருஷமா தின்னதெல்லாம் பண்ணைக் காடைக்குஞ்சுன்னு தெரிஞ்சா, அவங்க என்னை விடுவாங்களா?"