தொண்ணூற்றேழின் முறை

பகா எண்கள் குடியிருக்கும் தெருவுக்கு 9991 வந்து வீடு கேட்டது. பெருக்கிப் பிறந்தவர்களுக்கு அங்கே இடம் கிடையாது.

"எனக்கு அப்பா அம்மா யாரும் இல்லை. வகுத்துப் பாருங்கள்," என்றது 9991.

நூற்றுக்குள் இருக்கும் பகா எண்கள் இருபத்தைந்தும் வரிசையாக வந்து வகுத்துப் பார்ப்பது அந்தத் தெரு வழக்கம். இரண்டு, மூன்று, ஐந்து மூவரும் ஒன்று மீதி என்றார்கள். ஏழு, இரண்டு மீதி என்றது. எண்பத்தொன்பது திணறித் திணறி வகுத்து, இருபத்துமூன்று மீதி என்றது.

"பெரிய ஆளுதான்யா! சாவியை எடுத்து வையுங்க," என்றது இரண்டு.

கடைசியாகத் தொண்ணூற்றேழு வந்தது. வகுத்தது. நூற்றுமூன்று முறை சரியாகப் போனது. மீதி இல்லை.

"அம்மா நூற்றுமூன்று தினமும் உன்னைக் கேக்குறா. எங்களை மறந்துட்டியா?" என்று கிசுகிசுத்தது.

"மறக்கலை. சொல்லிடாதீங்கப்பா. வீடு கிடைக்காது."

"மீதி எவ்வளவு?" என்று வரிசையில் இருந்தவர்கள் கேட்டார்கள்.

தொண்ணூற்றேழு வரிசைப் பக்கம் திரும்பியது. பிறகு, "ஒன்று," என்றது.

மறுநாள் காலை இருவரும் தெருவில் எதிரெதிரே வந்தார்கள். தொண்ணூற்றேழு ஒதுங்கி வழிவிட்டு, "புதுசா குடிவந்தவங்களா? வாங்க," என்று கும்பிட்டது.