பெட்டிக்கு வந்த சக்களத்தி

ஒரு காரில் விளக்கு, ஹாரன், வைப்பர் எல்லாவற்றையும் ஆட்டிவைத்தவள் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி. கொஞ்ச நாளாக அவளுக்குப் புத்தி பிசகி, இண்டிகேட்டர் போட்டால் வைப்பர் ஆடியது. மெக்கானிக் கோமதிநாயகம் அவளைக் கழற்றி மேசையில் போட்டுவிட்டு, புதுப்பெட்டிக்குக் குங்குமம் வைத்து மாட்டினார். மூத்தவளுக்கு வயிறு எரிந்தது.

வண்டி கிளம்பவில்லை.

"அக்கா, இந்தச் சாவி யாருன்னே எனக்குத் தெரியலையே."

"பொட்டு வச்சுட்டா குடித்தனம் நடத்திட முடியுமாடி?"

கோமதிநாயகம் இருவருக்கும் நடுவே ஒயரைச் செருகி, மூத்தவளின் நினைவையெல்லாம் இளையவளுக்கு ஏற்றினார். வண்டி உறுமியது.

"எதையும் ஒளிச்சு வைக்கலையே அக்கா?"

"எங்கிட்ட இருந்த அத்தனையும் கொடுத்துட்டேன்."

வண்டி வெளியே போகும்போது, அலமாரியில் இருந்த இன்னொரு புதுப்பெட்டியை இளையவள் முறைப்பதை மூத்தவள் பார்த்தாள். மழையே இல்லை, வைப்பர் ஆடியது.