நாற்பத்தோரு காலிக் கட்டங்கள்

பல்லி மேடத்துக்குச் சுரீரென்று கோபம் ஏறியது.

இரண்டாயிரத்து முந்நூறு பல்லிகளின் அட்டவணை. எந்தக் குடும்பம், எந்தப் பேரினம், எந்த இனம் என்று எல்லாம் வரிசையாக நிரம்பியிருந்தது. அவள் கண்டுபிடித்த புள்ளிப் பல்லியின் வரிசைகளில் மட்டும் இனத்தின் பெயர் காலி. நாற்பத்தோரு கட்டங்கள். நேற்று வரை இருந்தது, இன்று இல்லை.

அந்த அட்டவணையில் கை வைக்கிற உரிமை இரண்டே பேருக்குத்தான். ஒன்று அவள். இன்னொன்று ஆமை.

பல்லி ஆராய்ச்சி செய்கிற அவள் பல்லி மேடம் ஆனதுபோல, பிடித்த உயிரினங்களைக் குடுவைகளில் போட்டு வைக்கும் ஸ்பெசிமன் ரூம் பொறுப்பாளருக்கு ஆய்வுக்கூடம் வைத்த பெயர் ஆமை. அவர் ஒரு குடுவையை எடுத்து, லேபிளைப் படித்து, திரும்ப வைப்பதற்குள் மற்றவர்கள் போய் டீயே குடித்துவிட்டு வந்துவிடலாம். மனுஷர் அதற்கெல்லாம் கோபித்துக்கொண்டதே இல்லை.

அட்டவணை அன்று மாலை ஐந்து மணிக்குள் போயாக வேண்டும். பல நாட்டு ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து, எந்தப் பல்லி எதிலிருந்து வந்தது என்று ஒரே மரமாக வரைகின்றன. அதில் ஒரு தனிக் கிளை அவளுடைய புள்ளிப் பல்லிக்கு. ஆறு வருஷம் முன்னால் பாறை பாறையாக ஏறி இறங்கி, அவளே பிடித்து, அவளே பெயர் வைத்த இனம். அடுத்த மாதம் நிரந்தர வேலைக்கு நேர்காணல். அங்கே எடுத்துக் காட்ட அவளிடம் இருப்பது அந்த ஒரு பல்லிதான்.

தடதடவென்று கீழே இறங்கிப் போனாள். ஆமை இரண்டு ஆராய்ச்சி மாணவர்களுக்குக் குடுவைகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

“என் பல்லி பேரை எதுக்கு அழிச்சீங்க?”

“ஒரு வாரம் பொறுங்க மேடம். அந்தக் குடுவைங்களை நீங்களே வந்து ஒரு தடவை பாத்துட்டா நல்லது.”

“இனம் பிரிக்க எனக்கு நீங்க பாடம் எடுக்கறீங்களா?”

அவர் என்னவோ சொல்ல வாயைத் திறந்தார். மாணவர்களைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

அந்த மௌனம் அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. என்ன திமிர் இந்த ஆளுக்கு! நேராக இயக்குநர் அறைக்குப் போய் மூச்சு விடாமல் கொட்டித் தீர்த்தாள். இயக்குநர் ஒரு கடிதத்தை அவள் பக்கம் தள்ளினார். காலையிலேயே ஆமை கொடுத்துவிட்டுப் போனதாம்.

‘புள்ளிப் பல்லிக் குடுவைகளின் லேபிள்களை நான் மாற்றி ஒட்டிவிட்டேன். தவறு முழுவதும் என்னுடையது. சரிபார்க்க மேடத்துக்கு ஒரு வாரம் அவகாசம் வாங்கித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.’

அவகாசம் கிடைத்துவிட்டது, ஆளை என்ன செய்யலாம் என்று இயக்குநர் கேட்டார்.

“இன்னைக்கே அந்த ரூமை விட்டு வெளியே அனுப்புங்க சார்.”

மத்தியானத்துக்குள் ஆமை சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டு, பின்கட்டடத்தில் பழைய காகிதக் கட்டுகள் கிடக்கும் அறைக்குப் போய்விட்டார். அவள் ஒரு துளிகூட இரக்கப்படவில்லை. முப்பது வருஷ அனுபவமாம். பெரிய வெங்காயம்.

லேபிள்களைச் சரிசெய்யத் தனியாக உட்கார்ந்தாள். நாற்பத்தோரு குடுவைகளையும் ஆமை நீள மேஜையில் ஒரே வரிசையாக அடுக்கிவிட்டுப் போயிருந்தார், சின்னதிலிருந்து பெரியது வரை. முதல் லேபிளைப் பதிவேட்டோடு ஒப்பிட்டாள். சரியாக இருந்தது. இரண்டாவது, சரி. பத்தாவது, சரி. நாற்பத்தொன்றையும் பார்த்து முடித்தாள். ஒரு லேபிள்கூட மாறவில்லை.

பற்றிக்கொண்டு வந்தது அவளுக்கு. செய்யாத தப்பை எதற்கு எழுதிக் கொடுத்தான் கிழவன்? யாரை முட்டாளாக்கப் பார்க்கிறான்?

அப்போதுதான் லேபிளை விட்டுவிட்டுப் பல்லிகளைப் பார்த்தாள்.

முதல் குடுவையில் கட்டைவிரல் நீளத்துக்கு அவளுடைய பல்லி, முதுகெல்லாம் கறுப்புப் புள்ளி. பத்தாவதில் புள்ளிகள் வெளுத்திருந்தன. இருபதாவதிலிருந்து எல்லாம் போன மாதம் அதே பாறைகளிலிருந்து புதிதாக வந்தவை, இடத்தை வைத்தே புள்ளிப் பல்லி என்று அவள் பதிந்துவிட்டவை; இருபதாவதில் வாலில் மட்டும் நாலு புள்ளி. முப்பதாவதில் ஒன்றே ஒன்று. கடைசிக் குடுவையில் ஒரு சாண் நீளம், புள்ளியே இல்லை. முதல் வருஷ மாணவன்கூடப் பெயர் சொல்லிவிடுகிற சாதாரணப் பாறைப் பல்லி.

மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். வளர வளரப் புள்ளி மறைந்துகொண்டே போனது. ஆறு வருஷம் முன்னால் அவள் புது இனம் என்று ஊருக்கெல்லாம் அறிவித்தது பாறைப் பல்லியின் குட்டியை. ஐந்து மணிக்கு அது போயிருந்தால், அத்தனை நாட்டு ஆட்களும் சேர்ந்து சிரித்திருப்பார்கள்.

பின்கட்டடத்துக்கு ஓடினாள். ஆமை காகிதக் கட்டு ஒன்றைத் தூசி தட்டிக்கொண்டிருந்தார். அழுகையை அடக்கியதில் அவள் குரல் கத்தலாகத்தான் வந்தது.

“அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாமே?”

“பசங்க நின்னுட்டிருந்தாங்க மேடம்.”

“அதுக்காக, பண்ணாத தப்பை உங்க தலையில போட்டுக்குவீங்களா?”

அவர் கட்டைக் கீழே வைத்தார், வழக்கம்போல மெதுவாக.

“ஒரு வாரம் இருக்கு. நீங்களே கண்டுபிடிச்சு, நீங்களே திருத்தினதா இருக்கட்டும். நான் மூணு மாசத்துல ரிட்டயர் மேடம். கெட்ட பேர் என்கிட்ட அவ்வளவு நாள்தான் இருக்கும்.”